பாதிப் பிரார்த்தனை

உளவியல் ஆலோசனை: வாசகியின் கடிதமும் ஆலோசகரின் பதிலும்

அன்புள்ள மேடம்,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். யாரிடமும் சொல்லாத விஷயம். எங்கே தொடங்குவது என்று தெரியாததால், நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது 38. ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 14 வருடமாக டெக்னீஷியன் வேலை. மகளுக்கு 10 வயது, மகனுக்கு 4. கணவருக்கு ஊர் ஊராக அலையும் வேலை. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அத்தை எங்களோடு இருக்கிறார். நல்ல மனுஷி. தன் முட்டிவலியோடு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

காலை ஷிஃப்ட் ஏழு மணிக்கு. நாலரைக்கு எழுந்தால்தான் சமையலை முடித்துவிட்டுக் கிளம்ப முடியும். பிள்ளைகள் கண் விழிக்கும்போது நான் வீட்டில் இருப்பதில்லை. மகனை அத்தை எழுப்புவார். மகள் தானே எழுந்து தலை வாரிக்கொள்வாள். வகிடு கோணலாக இருக்கும். மாலையில் அந்தக் கோணல் வகிட்டைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். அவள் அதைப் பற்றி ஒரு நாளும் எதுவும் சொன்னதில்லை.

என் அம்மா வேலைக்குப் போகாதவர். பக்தி அதிகம், ஆனால் சத்தமில்லாத பக்தி. இரவு என்னையும் தம்பியையும் இரண்டு பக்கமும் படுக்க வைத்துக்கொண்டு, "இன்னிக்கு யாரெல்லாம் உனக்கு நல்லது செஞ்சாங்க, சொல்லு" என்பார். பென்சில் கொடுத்த தோழி, பாதி வழி பையைத் தூக்கிவந்த அண்ணன் என்று எதையாவது சொல்வோம். அப்புறம், "நீ யார் மனசையாவது நோகடிச்சியா?" என்பார். அதையும் சொல்வோம். "சரி, கடவுள்கிட்ட சொல்லியாச்சு, தூங்கு" என்று தட்டிக்கொடுப்பார். எங்கள் வீட்டுப் பிரார்த்தனை அவ்வளவுதான்.

அம்மா தவறி ஒன்றேகால் வருடம் ஆகிறது. கடைசி வாரம் அம்மா எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். அவருடைய ரத்த சாம்பிள் என் மேஜைக்குத்தான் வந்தது. மெஷினில் நானே வைத்தேன். எண்களைப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. அன்றும் ஷிஃப்டை முடித்துவிட்டுத்தான் வார்டுக்குப் போனேன். அந்த வாரம் ஆள் இல்லை என்றார்கள், நானும் சரி என்று இருந்துவிட்டேன்.

வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு நோட்டு வாங்கினேன். அம்மா கற்றுக்கொடுத்த மாதிரி, இரவில் படுக்கும் முன் அன்றைக்கு நான் செய்த தவறுகளை எழுதிக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்பேன். ஆரம்பத்தில் ஒரு வரி, இரண்டு வரி. "மகனைத் திட்டினேன்." "மகள் ஏதோ சொல்ல வந்தாள், அப்புறம் பார்க்கலாம் என்றேன், மறந்துவிட்டேன்." போகப் போகப் பக்கம் நிறைய ஆரம்பித்தது. "அம்மா என்று சொல்லிக்கொள்ளவே எனக்குத் தகுதியில்லை." இதை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று தெரியாது. இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது. எழுதாமல் படுத்தால் தூக்கம் வருவதில்லை. எழுதிவிட்டுப் படுத்தாலும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

மூன்று வாரம் முன்பு ஒரு நாள் லேபுக்கு வந்த சாம்பிள் ஒன்று கெட்டிருந்தது. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால், உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கலந்து, இல்லாத அளவைக் காட்டும். அதை நம்பி வைத்தியம் பார்த்தால் நோயாளிக்கு ஆபத்து. அதனால் மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னேன். விதியே அதுதான். போனில் ஒருவர் என்னைக் கண்டபடி கத்தினார். "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்தேன். மகன் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டான். நான் போட்ட சத்தத்தில் அவன் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டான். மகள் துணியை எடுத்து வந்து, "நான் தொடச்சிடறேம்மா, ஒண்ணும் ஆகலம்மா" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே துடைத்தாள்.

அன்று இரவு முழுப் பக்கம் எழுதினேன். மறுநாள் மகள் ஸ்கேல் தேடப் போய் அந்த நோட்டை எடுத்துப் படித்துவிட்டாள். எவ்வளவு படித்தாள் என்று தெரியாது. என்னிடம் வந்து கேட்டாள்: "அம்மா, நாங்க இல்லேன்னா உனக்குப் பாவமே இருக்காது, இல்ல?"

"அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று சொல்லி நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை மேடம். அன்றிலிருந்து அவள் எதையும் கேட்பதில்லை. துணியை மடிக்கிறாள், தம்பியைச் சத்தம் போடவிடாமல் பார்த்துக்கொள்கிறாள். "எவ்வளவு பொறுப்பா ஆயிட்டா" என்று அத்தை சந்தோஷப்படுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

பிரார்த்தனையும் நின்றுவிட்டது. கண்ணை மூடினால் அவள் கேட்டதுதான் காதில் விழுகிறது. உறவில் ஓர் அக்கா, "வேலையை விடு, கடவுள் உனக்கு அடையாளம் காட்டுறார்" என்கிறார். கணவரிடம் சொன்னேன். "நோட்டைக் கிழிச்சுப் போடு, எல்லாம் சரியாயிடும்" என்றார். வேலையை விட முடியாது, வீட்டுக் கடன் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வேலை பிடிக்கும். காலையில் மெஷினுக்கு கன்ட்ரோல் ஓட்டி, அதாவது அளவு முன்பே தெரிந்த சாம்பிளை வைத்து மெஷினைச் சோதித்து, வரவேண்டிய அளவு சரியாக வந்து நிற்கும்போது மனதில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அது பிரார்த்தனையில்கூட எனக்கு வந்ததில்லை. இதை எழுதவே பயமாக இருக்கிறது.

என் மகள் மனதில் காயம் பட்டுவிட்டதா? நான் வேலையை விட்டுவிட வேண்டுமா? கடவுள் என் மேல் கோபமாக இருக்கிறாரா? மூன்றாவது கேள்வியை உங்களிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை. வேறு யாரிடமும் கேட்கத் தைரியம் இல்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரி,

முதலில் மகளைப் பார்ப்போம். மற்றவை சில நாள் காத்திருக்கலாம், அவள் கேட்டது காத்திருக்கக் கூடாது.

அந்த நோட்டை அவள் கண்ணால் படித்துப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் அம்மாவின் பாவம் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பாவத்திலும் தன் பெயர் அல்லது தம்பி பெயர். பத்து வயதுக் குழந்தை இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவாள்? அவள் வந்த முடிவு அவள் படித்ததற்குப் பொருத்தமானதுதான். பெற்றோர் வருத்தமாக இருந்தால் அதற்குத் தானே காரணம் என்று நினைத்துக்கொள்வது குழந்தைகளுக்குச் சகஜம். இவளுக்கோ எழுத்திலேயே ஆதாரம் கிடைத்துவிட்டது. உங்களைக் காப்பாற்ற அவளால் முடிந்ததைச் செய்கிறாள். தன்னால் இனி ஒரு வரிகூட எழுதப்படக் கூடாது என்று நடந்துகொள்கிறாள். நீங்கள் பயப்பட்டது சரிதான். அதைப் பொறுப்பு என்று பாராட்டாமல் இருக்க அத்தையிடமும் பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவள் மனதுக்குள் பூட்டிக்கொள்ளாமல் நேராக உங்களிடம் வந்து கேட்டாள். உங்களிடம் கேட்கலாம் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது. அந்த நம்பிக்கை நீங்கள் வளர்த்தது. நோட்டில் அது எங்கேயும் இருக்காது.

அடுத்த விடுமுறை நாள் காலையில் அவளுக்குத் தலை வாரிவிடுங்கள். வகிடு எடுக்கும்போது பேசுங்கள். எதிரெதிரே உட்காரவைத்து முகம் பார்த்துப் பேசினால் விசாரணை மாதிரி ஆகிவிடும். கை வேலையில் இருக்கும்போது இரண்டு பேருக்கும் எளிது. "அன்னிக்கு நீ ஒண்ணு கேட்டே, நான் பதில் சொல்லாம நோட்டைப் பூட்டிட்டேன். அது தப்பு. நீங்க இல்லேன்னா எனக்குப் பாவம் இருக்காதுன்னு நினைச்சியே, அது அப்படி இல்ல. நான் கத்தினதுக்கு நீயும் காரணமில்ல, தம்பியும் காரணமில்ல. நான் ரொம்பக் களைச்சுப் போயிருந்தேன், வேலையில இருந்த கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். அதைச் சரிபண்றது என் வேலை, உன் வேலை இல்ல." உங்கள் பேச்சில் மாற்றிச் சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சொன்ன பிறகு சும்மா இருங்கள். அவள் ஏதாவது கேட்கலாம், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போகலாம், இரண்டுமே சரிதான். அழுகை வந்தால் வரட்டும். ஆனால் அவள் உங்களைத் தேற்றும் அளவுக்குப் போகவிடாதீர்கள். இப்போதே அந்த வேலையை அவள் நிறையச் செய்துகொண்டிருக்கிறாள்.

மகனுக்கு நாலு வயது. "அம்மா அன்னிக்குக் கத்தினேன் இல்ல, உனக்குப் பயமா இருந்துச்சு. ஸாரிடா" என்பது போதும்.

காயம் பட்டுவிட்டதா என்று கேட்டீர்கள். பட்டிருக்கும். ஆறும். தாய்க்கும் சிசுவுக்கும் இடையே நடக்கும் முகப்பேச்சை 1970-களிலிருந்து நுணுக்கமாகப் பதிவு செய்து ஆராய்ந்தவர் எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர். நல்ல உறவில் இருக்கும் தாயும் சிசுவும்கூட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஒருவருக்கொருவர் இசைந்திருக்கிறார்கள். மீதி நேரம் முழுக்க விலகலும் மறுபடி சேர்தலும்தான். அந்த மறுபடி சேர்தலில்தான் குழந்தைக்கு நம்பிக்கை வளர்கிறது. நீங்கள் விலகலை மட்டும் எழுதிவந்திருக்கிறீர்கள். கத்திய அன்றே பத்து நிமிடம் கழித்து மகனை மடியில் எடுத்தீர்களா? கடிதத்தில் இல்லை. எடுத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

கத்தியது சரி என்று நான் சொல்லவில்லை. கத்தக் கூடாதுதான். போனில் கத்தியவரிடம் திருப்பிக் காட்ட முடியாத கோபம், காட்ட முடிகிற இடத்தைத் தேடி வந்து ஒரு நாலு வயதுப் பிள்ளை மேல் இறங்கியது. அது உங்களுக்கும் தெரியும். ஆனால் நோட்டில் நடந்த ஒரு மாற்றத்தை நீங்கள் கவனித்தீர்களா? முதலில் "மகனைத் திட்டினேன்" என்று இருந்தது. பின்னால் "அம்மா என்று சொல்லிக்கொள்ளத் தகுதியில்லை" என்று ஆகிவிட்டது. முதலாவது, செய்ததைப் பற்றிய வருத்தம். இரண்டாவது, தன்னையே வெறுக்கும் அவமான உணர்வு. இந்த இரண்டையும் பல வருடம் பிரித்து ஆராய்ந்தவர் ஜூன் டாங்னி என்ற அமெரிக்க உளவியலாளர். செய்ததற்காக வருந்துகிறவர் போய் மன்னிப்புக் கேட்கிறார், சரிசெய்யப் பார்க்கிறார். தன்னையே மோசம் என்று தீர்மானித்தவர் ஒளிந்துகொள்கிறார், அல்லது இன்னும் அதிகம் கோபப்படுகிறார். உங்கள் நோட்டு உங்களை மென்மையாக்க எழுதப்பட்டது. என் கணிப்பில், இப்போது அதுவே உங்கள் கத்தலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கெட்டுப்போன சாம்பிளை என்ன செய்தீர்கள்? அந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதவில்லை. யார் கத்தினாலும் சரி, உடைந்த அணுக்களிலிருந்து வந்த அளவு நோயாளியின் அளவு ஆகாது என்று நின்றீர்கள். நாலரைக்கு எழுந்து, பத்தரைக்கு நோட்டைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் விழித்து 18 மணி நேரம் ஆகிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் செயல்திறனும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். இது ஒரு நாள் விழித்திருந்தவர்களின் கணக்கு. உங்களுக்கோ இரண்டு மணிக்கு விழிப்பு, ஒன்றேகால் வருடத் துக்கம் வேறு. அந்த நேரத்தில், அந்த நிலைமையில் எடுத்த சாம்பிளை வைத்து "தகுதியில்லை" என்று தினமும் ரிப்போர்ட் கொடுக்கிறீர்கள். வேறொருவருடைய சாம்பிளாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

இனி பிரார்த்தனை. அம்மா கற்றுக்கொடுத்த மாதிரி எழுதினேன் என்கிறீர்கள். அம்மா கேட்டது இரண்டு கேள்வி. முதல் கேள்வி, இன்று யார் உனக்கு நல்லது செய்தார்கள் என்பது. இரண்டாவதுதான் யாரை நோகடித்தாய் என்பது. அதோடும் முடியவில்லை. "சரி, சொல்லியாச்சு, தூங்கு" என்று முடித்தும் வைத்தார். நீங்கள் நடுவில் இருந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. உங்கள் அம்மா அவ்வளவு பக்குவமாக வைத்த வரிசை அது.

நீங்கள் எந்த மதம் என்று எழுதவில்லை, எனக்கு அது தேவையும் இல்லை. ஆனால் வேறொரு காலத்தில் இதே சுழலில் சிக்கிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இயேசு சபையை உருவாக்கிய இஞ்ஞாசியார், 1522-இல் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, செய்த பாவங்களை எவ்வளவு சொல்லி மன்னிப்புக் கேட்டாலும் ஏதோ விட்டுப்போயிற்று என்று தவித்தார். திரும்பத் திரும்பப் பாவ அறிக்கை செய்தார். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம்வரை போனதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் தவிப்புக்கு லத்தீனில் வைத்த பெயருக்குக் கூரான சின்னக் கல் என்று பொருள். செருப்புக்குள் கிடந்து நடக்கும்போதெல்லாம் குத்துகிற கல். அதிலிருந்து மீண்ட மனிதர் பிறகு மற்றவர்களுக்காக ஒரு தினசரி மனச்சோதனை முறையை எழுதினார். அதன் முதல் படி என்ன தெரியுமா? பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. தவறுகளைப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான். உங்கள் அம்மா வைத்த அதே வரிசை.

அதனால் நோட்டைக் கிழிக்க வேண்டாம். கணவர் ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பார், ஆனால் கிழிப்பதால் பழக்கம் போகாது. இரண்டு வாரம் எழுதுவதை நிறுத்தி வையுங்கள். அதற்குப் பதிலாக, பிள்ளைகளை இரண்டு பக்கமும் படுக்க வைத்துக்கொண்டு, அம்மா கேட்டதை அதே வரிசையில் வாய்விட்டுக் கேளுங்கள். நீங்களும் பதில் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒன்று போதும். பிள்ளைகள் முன் சொல்லக் கூடிய அளவுக்குத்தான் தவறையும் சொல்ல முடியும், அது நல்ல அளவு. எழுதாமல் படுக்கும் முதல் சில இரவுகள் கஷ்டமாக இருக்கும். அந்தப் பதற்றம் தாங்க முடியாமல் போனாலோ, மறுபடி மறுபடி எழுதியே தீரவேண்டும் என்று தோன்றினாலோ, தயங்காமல் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். கடிதத்தை வைத்து நான் நோயின் பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மாதிரிப் பதற்றத்துக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்கு வலிக்கலாம். இரண்டு நோட்டிலும் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் சாம்பிளை மெஷினில் வைத்த அந்த நாளைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? எனக்கு எழுதிய கடிதத்தில்கூட அதை ஆறேழு சின்ன வாக்கியங்களில் முடித்துவிட்டு உடனே நோட்டுக்குப் போய்விட்டீர்கள். நோட்டு வாங்கியது எப்போது? அம்மா போன பிறகு. நீங்கள் உண்மையில் மன்னிப்புக் கேட்க நினைப்பது அந்த ஒரு நாளுக்காக என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்க வேண்டியவர் இல்லை. அதனால் தண்ணீர் டம்ளர், மறந்துபோன பேச்சு, கோணல் வகிடு என்று கிடைப்பதற்கெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். உங்களுக்குத்தான் தெரியும். அந்த வாரம் ஆள் இல்லை என்று சொன்னவர்கள் மேலும் உங்களுக்குக் கோபம் இருக்க வேண்டும். அது எங்கே போயிற்று என்றும் யோசித்துப் பாருங்கள். தம்பியிடம் அந்த நாளைப் பற்றிப் பேசியிருக்கிறீர்களா? அதே கட்டிலில் மறுபக்கம் படுத்திருந்தவர் அவர்தானே.

வேலையைப் பற்றி. எலன் கலின்ஸ்கி என்ற ஆய்வாளர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம், உன் பெற்றோரின் வேலை உன்னைப் பாதிக்கிற விதத்தில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவாய் என்று கேட்டார். கூட நேரம் வேண்டும் என்பார்கள் என்று பெற்றோரில் பாதிக்கு மேல் ஊகித்தார்கள். அம்மாவோடு கூட நேரம் வேண்டும் என்று கேட்ட பிள்ளைகள் 10 சதவீதம்தான். அம்மாவுக்கு இவ்வளவு களைப்பும் நெருக்கடியும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் 34 சதவீதம். துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து உங்கள் முகத்தைப் பார்த்தாளே, அவள் கேட்டதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

களைப்பு கடவுள் காட்டும் அடையாளம் என்று அந்த அக்கா சொன்னது எனக்கு உடன்பாடில்லை. களைப்பு உடம்பு காட்டும் அடையாளம். ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்க்கிறீர்கள், உங்கள் ரத்தத்தை எப்போது பார்த்தீர்கள்? இந்த வாரமே ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது இருந்தால் எரிச்சலும் களைப்பும் வரத்தான் செய்யும். தூக்கக் கேட்டோடு, எதிலும் ஈடுபாடில்லாத மனநிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால், அன்றே சொல்லுங்கள்.

கணவரிடம் பொதுவாக "உதவி செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் நீங்கள் வேலை முடிந்து வந்ததும் முதல் அரைமணி பிள்ளைகள் அவர் பொறுப்பு, காலைச் சமையலும் அவர் பொறுப்பு என்று இரண்டை மட்டும் பேசி முடிவு செய்யுங்கள். நீங்கள் ஆறு மணிவரை தூங்கினால் அது ஒன்றே பெரிய மருந்து. அவர் இல்லாத நாட்களில் வீட்டு வாசலுக்கு வந்ததும் பத்து நிமிடம் வெளியிலேயே உட்கார்ந்துவிட்டு உள்ளே போங்கள். அத்தையிடம் சொல்லி வைத்தால் புரிந்துகொள்வார்.

கன்ட்ரோல் சரியாக வந்து நிற்கும் அந்தக் காலை நேர நிம்மதியைச் சொல்லப் பயந்தீர்கள். ஏன் பயம்? முகம் தெரியாத யாருக்கோ சரியான ரிப்போர்ட் போக வேண்டும் என்று ஒருவர் விடியற்காலையில் மெஷின் முன் கவனமாக நிற்கிறார். அதில் நிம்மதி வந்தால் வரட்டுமே. அம்மாவின் முதல் கேள்வி மறுபடி உங்கள் வீட்டில் கேட்கப்படும்போது, ஒரு நாள் இதைப் பதிலாகச் சொல்லுங்கள். வேலை என்றால் அம்மா களைத்துப்போய் வரும் இடம் என்று மட்டுமே அறிந்த பிள்ளைகள், அம்மாவுக்குப் பிடித்த இடமும் அதுதான் என்று தெரிந்துகொள்ளட்டும்.

கடைசியாக, கடவுள் உங்கள் மேல் கோபமாக இருக்கிறாரா என்ற கேள்வி. ஆலோசகராக எனக்கு அதற்குப் பதில் சொல்லும் தகுதி இல்லை. ஆனால் ஒரு வேலை தருகிறேன். இரண்டு வாரம் கழித்து, ஒரு விடுமுறை நாளில், நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் பீரோவிலிருந்து நோட்டை எடுங்கள். கடைசியாக எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திறங்கள். இந்த இரண்டு நோட்டையும் உங்கள் அம்மா உட்கார்ந்து முழுக்கப் படித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்துவிட்டு அவர் உங்களிடம் என்ன சொல்வார்? அதை எழுதுங்கள். உங்கள் நடையில் வேண்டாம், அவர் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். அந்த ஷிஃப்டைப் பற்றியும் அவர் ஏதாவது சொல்வார். அதையும் விடாமல் எழுதுங்கள்.

விருப்பமிருந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மகளுக்கு வகிடு எடுத்த அன்று அவள் என்ன சொன்னாள் என்பதையும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்